சுழல் எஞ்சினுக்கு மூச்சு முட்டுவது ஏன்?

மாஸ்டா நிறுவனம் கார்களுக்காக வடிவமைத்த 13பி சுழல் எஞ்சினை, பற்சக்கரப் பெட்டி வழியே வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லருடன் இணைத்து, வீட்டில் கட்டிய சிறு விமானங்களில் பொருத்துவோர் அமெரிக்காவில் உண்டு. அதன் இரு சுழலிகளும் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் தலா 654 கன சென்டிமீட்டர் காற்றை உறிஞ்சுவதால், நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதன் தேவை ஏறத்தாழ 7,850 லிட்டராகிறது, அதாவது, 1.3 லிட்டர் எனப் பெயர் பெற்ற இந்த எஞ்சின், 2.6 லிட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சின் அளவுக்குக் காற்று கேட்கிறது. பெயரளவை நம்பிக் குழாய் அமைப்பதே பல கோளாறுகளின் தொடக்கம்.

தடை இருக்கும் இடத்தைக் காட்டுவது, த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள உள்வாங்கு குழாயின் அழுத்தமானி ஆகும். த்ராட்டில் முழுதும் திறந்திருக்கையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே நிற்க வேண்டும் (கடல்மட்டத்தில் சுமார் 30 அங்குலப் பாதரசம்). தெளிவாகக் குறைந்தால், வடிகட்டி, வளைகுழாய், த்ராட்டில் ஆகியவற்றுள் ஒன்று காற்றை மறிக்கிறது என்பதால், வடிகட்டியைக் கழற்றித் தூசியற்ற தரையில் மீண்டும் சோதிப்பது முதற்படி. அழுத்தம் சரியாக இருந்தும் ஆற்றல் குறைந்தால், மானிக்கு அப்பாலுள்ள கிளைக்குழாய்களோ துளைகளோ குறுகியிருக்கலாம். எரிபொருள், தீப்பொறி, சீல் கசிவு ஆகியவற்றையும் அப்போதே பார்க்க வேண்டும். எஞ்சின் மூடிக்குள்ளிருந்து சூடான காற்றை இழுக்கும் அமைப்பை அழுத்தமானி காட்டிக்கொடுக்காது; வெப்பம் 3 பாகை செல்சியஸ் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறைவதால், உள்வாங்கு குழாயில் ஒரு வெப்பமானியும் தேவை.