மலைக்கு வேண்டிய சுண்ணாம்பு

நீலகிரியின் வெலிங்டன் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் நினைவுக்கு வரும். அந்தச் சரிவுகளில் பாடுபடும் விவசாயிக்கு நினைவில் நிற்பது மண்ணின் புளிப்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மலை இது. காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. மிஞ்சியது அமில மண். யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் போடப்போட அந்த அமிலம் இன்னும் ஏறுகிறது.

தேயிலைச் செடிக்குப் புளிப்பு பிடிக்கும். மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழித்து வளரும். அதற்கும் கீழே இறங்கினால் தேயிலையும் திணறும். அதனால்தான் தோட்டங்களில் கவாத்து செய்யும் ஆண்டில் டோலமைட்டோ சுண்ணாம்போ தூவுகிறார்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர்களுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். முட்டைக்கோஸின் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிச் செடி வாடும் நோய்க்கு அமில மண்தான் தோதான இடம். இப்படி மலைக்கு வேண்டிய சுண்ணாம்பு கீழே சமவெளியில் வெட்டப்பட்டு, லாரியில் ஏறி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறது.

அதே சமவெளியில், உணவுத் தொழிற்சாலைகள் அதே சுண்ணாம்பைக் குப்பையாக ஒதுக்குகின்றன என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

நாமக்கல்லின் முட்டையை எடுத்துக்கொள்வோம். முட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஓடு. அந்த ஓட்டில் 94 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். வீடுகளிலும் டிபன் கடைகளிலும் உடையும் முட்டையின் ஓடு ஊர் முழுக்கச் சிதறிப்போகிறது. அதைச் சேகரிப்பது லேசில்லை. ஆனால் முட்டைப் பொடி தயாரிக்கும் ஆலைகளில் ஓடு ஒரே இடத்தில் குவிகிறது. ஈரோடு மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது. ஒரு டன் ஓடு சேர ஏறத்தாழ 1,80,000 முட்டைகள் உடைய வேண்டும். பெரிய ஆலைக்கு இது எட்டாத கணக்கல்ல. ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வு அழுகி நாற்றமெடுக்கும், கிருமியும் சேரும். எனவே உடனடியாகச் சூடாக்கி உலர்த்த வேண்டும். மாவாக அரைக்கவும் வேண்டும். நொறுங்கல் ஓடாகப் போட்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கரையாமல் அப்படியே கிடக்கும்.

சர்க்கரை ஆலையின் கதை வேறு. கரும்புச் சாற்றைத் தெளிவிக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். வடிகட்டியதும் எஞ்சும் கறுப்புச் சேறு பிரஸ்மட். அரைக்கும் கரும்பின் எடையில் மூன்று நான்கு சதவீதம் இப்படி வெளியே வரும். கார்பனேஷன் முறையில் சாறு தெளிவிக்கும் ஆலையின் பிரஸ்மட்டில் கால்சியம் கார்பனேட் மிகுதி, அமில மண்ணுக்கு நேரடி மருந்து. சல்ஃபிடேஷன் முறை ஆலையின் பிரஸ்மட் அந்த அளவு புளிப்பை முறிக்காது. அது தொழு உரமாகவே நன்றாக உழைக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால், லாரி ஏற்றும் முன் எந்த ஆலையின் சரக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பல சர்க்கரை ஆலைகளுக்குப் பக்கத்திலேயே சாராய வடிசாலை இருக்கும். அங்கே கழிவோடு போவது சுண்ணாம்பல்ல, பொட்டாஷ். கழிவுப்பாகிலிருந்து ஆல்கஹால் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுநீரை ஒரு காலத்தில் ஆற்றில் விட்டார்கள். இப்போது பல ஆலைகளில் அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். நீர் போகும், கரிமப்பொருள் எரியும். கரும்பு நிலத்திலிருந்து உறிஞ்சிய பொட்டாசியம் மட்டும் சாம்பலில் தங்கிவிடும். இந்தச் சாம்பலைப் பதப்படுத்தி, குறைந்தது 14.5 சதவீதப் பொட்டாஷ் உள்ள உரமாக விற்கலாம் என்று மத்திய அரசு ஏற்று, 2021-ல் உர மானியத் திட்டத்தில் சேர்த்தது. 2024 ஜனவரியில் ஆலைகள் உர நிறுவனங்களுக்கு விற்கும் விலையாக டன்னுக்கு 4,263 ரூபாய் முடிவானது. பொட்டாஷ் உரத்தை வெளிநாட்டிலிருந்தே வாங்கும் நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. குப்பை என்று தள்ளிய ஒன்றுக்கு அரசு விலை வைத்துவிட்டால் அதன் கதியே மாறிவிடுகிறது.

நெல் ஆலையின் சாம்பல் இந்த வகையில் சேராது. நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி. உமியை எரித்தால் நாலு கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும் அந்தச் சொரசொரப்பை நம்பித்தான். மண்ணின் புளிப்பை உமிச் சாம்பல் அதிகம் மாற்றாது. சிமென்டுக்குத்தான் நன்றாக உதவும். கரும்புச் சக்கைச் சாம்பலையும் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இதற்காகச் சோதித்தார்கள். எரியாத நார்களை 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நீக்கி, நன்றாக அரைத்தால் கான்கிரீட்டில் சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்று காட்டினார்கள்.

எல்லாக் கழிவையும் வயலுக்குக் கொண்டுபோகவும் கூடாது. சமையல் எண்ணெயை வெளுக்கப் பயன்படும் களிமண், வேலை முடிந்து வரும்போது நிறைய எண்ணெய் குடித்திருக்கும். குவியலாகப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதைச் சிமென்ட் சூளையில் எரிபொருளாக எரிப்பதே பாதுகாப்பு.

நீலகிரிக்குள்ளேயே கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு: தேயிலைத் தொழிற்சாலைச் சாம்பல். நாலரை கிலோ பச்சைத் தேயிலை உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள். உலர்த்தும் சூட்டுக்கு இங்கே பல தொழிற்சாலைகள் விறகையே நம்பியிருக்கின்றன. நூறு கிலோ விறகுக்கு ஒன்றிரண்டு கிலோ சாம்பல் மிஞ்சும். தழைச்சத்து புகையாகப் போய்விடும், சுண்ணாம்பும் பொட்டாஷும் தங்கும். புளிப்பை முறிப்பதில் விறகுச் சாம்பல் சுண்ணாம்புக்கல் தூளில் ஏறத்தாழப் பாதி வலிமை காட்டும்.

இதிலும் பக்குவம் தெரிய வேண்டும். யூரியாவோடோ அம்மோனியம் சல்பேட்டோடோ சாம்பலைக் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இடைவெளி விட்டுப் போட வேண்டும். உருளைக்கிழங்கு நிலத்தில் அதிகம் போட்டால் கிழங்கில் சொறி விழும். தேயிலையில் அளவு மீறினால் செடிக்குப் பிடித்த புளிப்பே போய்விடும். நிலக்கரி கலந்து எரித்த சாம்பலை வயல்பக்கமே கொண்டுவரக் கூடாது. மண்ணைப் பரிசோதித்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாத காரியம் இது. குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கும்போது அதற்குத் தயங்கவும் வேண்டாம்.

மழைக்குத் திறந்த இடத்தில் சாம்பலைக் கொட்டும் பழக்கம்தான் முதலில் மாற வேண்டும். சாம்பலில் சீக்கிரம் கரைவது பொட்டாஷ். இரண்டு மழை பெய்தால் விலைமதிப்புள்ள பகுதி ஓடையோடு போய்விடும். மேலே ஒரு தகரக் கொட்டகை, எரியாத கரியை நீக்க ஒரு சல்லடை, ஆண்டுக்கொரு பரிசோதனை இருந்தால் போதும். 1960-களில் தொடங்கி நீலகிரியில் சிறு விவசாயிகளுக்காக ஏற்பட்ட கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இது இன்னும் சுலபம். எந்த உறுப்பினர் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை கொடுத்தார் என்ற கணக்கு அவற்றின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதே விகிதத்தில் சாம்பலைப் பிரித்து, அந்த ஆண்டு கவாத்து செய்த தோட்டக்காரருக்கு முதலில் கொடுக்கலாம்.