மடியில் வரும் பயணி (வங்கக் கடல் பாதை – 9)

கைக்குழந்தையோடு கடல் தாண்டிப் போகலாமா என்ற கேள்வியை நம் பயணப் பத்திரிகைகள் எப்போதும் விடுமுறைக் கேள்வியாகவே கேட்கின்றன. எந்த ஹோட்டல், எந்தக் கடற்கரை, எத்தனை டயப்பர் என்று பதிலும் அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. வேண்டாமென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற வசதி உள்ளவர்களின் பேச்சு அது. அந்தமானில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தீவுகளில் வசித்தவர்கள் 3,80,581 பேர். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. இவர்களில் பலருக்குக் குலதெய்வம் இன்னும் தமிழ்நாட்டுக் கிராமத்தில்தான் இருக்கிறது. முதல் மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான் நடந்தாக வேண்டும். காது குத்தும்போது குழந்தை உட்காரும் தாய்மாமன் மடி மெயின்லேண்டில் இருந்தால், கடல் தாண்ட வேண்டியது குழந்தைதான். இது சடங்கின் கட்டாயம். இதைவிடப் பெரிய கட்டாயம் நோய். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது, 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனாலும் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தையைப் போல உயர்சிகிச்சை வேண்டியவர்களை அக்கரைக்கு அனுப்பும் வழக்கம் போய்விடவில்லை. ஆகவே கேள்வியைப் பெற்றோரிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஏற்றிச் செல்பவர்களிடம் கேட்க வேண்டும்: மடியில் வரும் குழந்தையை நீங்கள் ஒரு பயணியாக எண்ணுகிறீர்களா? எண்ணுவதில்லை என்பதே என் வாதம். பெரியவரின் மடிக்கு ஒரு நீட்சியாகத்தான் அது நடத்தப்படுகிறது.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே (2024 செப்டம்பர் முதல் அரசு வழங்கிய பெயர் ஸ்ரீ விஜயபுரம், நாக்கில் பழைய பெயரே நிற்கிறது) கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் அறுபது மணி நேரம், வானிலை கெட்டால் இன்னும் கூடும். விடுமுறை மாதங்களில் விமானக் கட்டணம் எங்கோ போய்விடும்; தீவுவாசிகளுக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு. அதனால் கூலிக்காரக் குடும்பம் பங்க் வகுப்பில்தான் வரும். கீழ்த்தளத்தில் நீண்ட கூடம், இரண்டடுக்குப் படுக்கைகள், பொதுக் கழிப்பறை. ஒரு படுக்கையின் அகலம் ஓர் ஆள் படுக்கப் போதும். ஒன்றரை வயதுப் பிள்ளையும் அதே அகலத்தில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும், அதுவும் தரை சாய்ந்து நிமிரும் இடத்தில். அந்த வயதுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. கப்பலின் படிகள் செங்குத்தானவை. தண்ணீர் புகாமலிருக்கக் கதவுகளின் நிலைப்படிகளை உயர்த்தி வைத்திருப்பார்கள். மாலுமியின் காலுக்குச் செய்த இடம் அது.

குழந்தைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதே என்பார்கள். உடம்பு சொல்வது வேறு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண மயக்கம் அரிதாகவே வரும். அது கூடுவது பள்ளிக்கூட வயதில். வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் அம்மாதான். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டுமே இந்தத் தீவுகளில் மழை கொட்டுகின்றன. கடல் அடங்கியிருக்கும் மாதங்கள் குறைவு. அப்பா வேலைக்காகத் தீவிலேயே தங்கிவிட, தலைதூக்க முடியாத அம்மாவும் பக்கத்தில் தெம்பாக ஓடும் பிள்ளையும் தனியாக வருகிறார்கள் என்று வையுங்கள்: ஆபத்து அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. இதற்கு ஊரில் சொல்லும் கைவைத்தியம் பிள்ளைக்கும் கால் அவோமின் கொடுத்துத் தூங்கவைப்பது. அந்த மாத்திரையில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாத மருந்து. மூச்சையே அடக்கிவிடக்கூடியது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. மருந்தால் தீர்க்க முடியாததை இடத்தால்தான் தீர்க்க வேண்டும். பக்கச்சட்டம் போட்ட கீழ்ப் படுக்கை, தடுப்பு வைத்த ஒரு மூலை, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இவ்வளவுதான் தேவை.

உயிர்க்கவசத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் பளிச்சென்று தெரியும். பெரியவருக்கான கவசத்துக்குள் பத்துக் கிலோக் குழந்தை நிற்காது, நழுவிவிடும். டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914-ல் பிறந்த சோலாஸ் உடன்படிக்கை, பச்சைக் குழந்தைகளுக்கான கவசத்தை எண்ணிக்கை போட்டுக் கட்டாயமாக்கியது 2010 ஜூலையில்தான். அதன்படி 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கெனத் தனி அளவு உண்டு. ஒரு நாளைக்குள் முடியும் பயணத்தில் மொத்தப் பயணிகளில் 2.5 விழுக்காட்டுக்காவது அத்தகைய கவசம் வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் கப்பலில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. விகிதம் போய்த் தலைக்கணக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஆனால் சோலாஸ் நாடுவிட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது. இரண்டரை நாள் வங்கக் கடலில் போனாலும் சென்னை–அந்தமான் பயணம் சட்டத்தின் பார்வையில் உள்நாட்டுப் பயணம்! அலைக்கு அந்த வேறுபாடு தெரியாதாகையால், அறுபது மணி நேரப் பயணத்துக்கு அந்த அளவுகோலையே வைக்க வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. சுற்றுலாப் படகுகளையும் இதிலிருந்து விலக்க முடியாது. 2014 ஜனவரி 26-ல் போர்ட் பிளேர் அருகே அக்வா மரைன் படகு மூழ்கி 21 பேர் இறந்தார்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றிய படகு அது. தலை எண்ணாமல் கிளம்பும் பழக்கத்தில் முதலில் விடுபடுவது மடியில் இருக்கும் தலைதான்.

சரி, விமானத்தில் போகட்டுமே என்றால், அங்கும் இரண்டு வயது வரை குழந்தைக்கு இருக்கை கிடையாது, மடிதான். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்காரவைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது நல்ல காரியம். இருக்கையே இல்லாத குழந்தைக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானபோது அதில் மடிக் குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்றைய விதிமுறை தந்த அறிவுரை. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. மடிக் குழந்தைக்கும் இருக்கை கட்டாயம் என்ற குரல் அதன்பின் வலுத்தது. அமெரிக்க விமான நிர்வாகம் இன்றுவரை மறுக்கிறது. அதன் காரணத்தை லேசில் தள்ளிவிட முடியாது. இருக்கைக்குக் காசு கேட்டால் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலை விபத்தில் இறக்கும் குழந்தைகள் விமானத்தில் காப்பாற்றப்படுபவர்களைவிட அதிகமாகிவிடுவார்கள் என்கிறது அது. நியாயமான கணக்கு. ஆனால் சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே சாலை இல்லை. விமானத்தை விட்டவர்கள் வந்து சேரும் இடம் அதே பங்க் வகுப்பு. அந்தக் கணக்கை இங்கே போட்டால், கப்பலைக் குழந்தைக்கு ஏற்றதாக்கு என்ற விடைதான் வரும். மேலும், ஒருவரை எண்ணுவதும் அவரிடம் கட்டணம் வாங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவானேன், ஐந்து வயது ஆகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. நோய் காத்திருக்காது என்பது ஒரு பதில். இந்தத் தீவுகளில் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கியது அரசுதான் என்பது இன்னொன்று. 1949-ல் கிழக்கு வங்க அகதிகளைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி வந்து நிலம் கொடுத்தார்கள். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அமர்த்தினார்கள். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிகோபாரில் இறங்கின. தனி ஆள் தங்கமாட்டான், குடும்பம் இருந்தால்தான் ஊர் நிலைக்கும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடுகள் இவை. குடியேற்றும்போது குடும்பமாகப் பார்த்துவிட்டு, கப்பலேற்றும்போது மட்டும் பெரியவர்களை எண்ணினால் எப்படி?

கப்பல்கள் ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடுகின்றன, இதில் தொட்டில் வேறா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. லாபத்துக்கு ஓடும் நிறுவனமென்றால் அந்தப் பேச்சு பொருந்தும். தீவுகளை நாட்டோடு கட்டிவைக்க அரசே ஏற்றுக்கொண்ட செலவு இது. தவிரவும் தொகை பெரிதில்லை. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு மடக்கு முறையில் ஒட்டிய குழந்தைப் படுக்கையை ரயில்வே சோதித்துப் பார்த்தது. பெட்டியை மாற்றவில்லை, படுக்கையோரத்தில் ஒரு பலகையும் தடுப்பும் சேர்த்தார்கள், அவ்வளவே. அதைவிட மலிவான யோசனை நம் பெண்களிடமே இருக்கிறது. ரயிலில் சேலையால் தூளி கட்டத் தயங்காதவர்கள் அவர்கள். கப்பலில் தூளிக்கு நியாயம் இன்னும் அதிகம்: கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொங்குவது நேராகவே தொங்கும். பாய்மரக் காலக் கடற்படைகள் தம் மாலுமிகளைத் தொங்கு படுக்கையில் தூங்கவைத்தது இதனால்தான். பங்க் கூடத்தில் தாங்கும் வலுவுள்ள நான்கு கொக்கிகளும், பக்கத்தில் இடிபடாத அளவு இடைவெளியும் விட்டால் போதும்.

இதையெல்லாம் கேட்க முதலில் ஓர் எண் வேண்டும். கப்பல் புறப்படுமுன், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் அளவுக்கான கவசம் எத்தனை என்ற இரண்டு எண்களையும் ஒரே பலகையில் எழுதி, ஏறும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம். ஹாடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல்களுக்கு முன்னால், பீனிக்ஸ் பே ஜெட்டியில் தென் தீவுக் கப்பல்களில் இதைத் தொடங்குவது நல்லது. அங்கிருந்து கச்சால் சுமார் 400 கிலோமீட்டர், கிரேட் நிகோபாரின் கேம்பல் பே 500-க்கும் மேல். நடுவில் கொந்தளிப்புக்குப் பேர்போன பத்து டிகிரி கால்வாய். ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது சிலருக்குத்தான். மற்ற அம்மாக்கள் அந்தக் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.