முந்திரிக்கொட்டையும் அதன் பங்காளியும்

திருவதிகை வீரட்டானேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் நாலு கிலோமீட்டர் சுற்றினாலே போதும், செம்மண் பூமியில் முந்திரித் தோப்பாகத்தான் தெரியும். அதனால் இதை 'நம்ம ஊரு மரம்' என்கிறோம். ஆனால், இது பிரேசிலில் பிறந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

இந்த மண்ணிலேயே பிறந்த பங்காளி ஒன்று உண்டு. அதுதான் சேராங்கொட்டை. இரண்டும் மாமரக் குடும்பம். இரண்டிலும் கொட்டை பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ('முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே' என்று பாட்டிகள் திட்டுவது இதைப் பார்த்துத்தான்!). அதனால் பிள்ளைகள் ஏமாறலாம். முந்திரி இலை உள்ளங்கை நீளம்தான். நுனி வட்டமாக இருக்கும். கொட்டை சாம்பல் நிறத்தில் சிறுநீரக வடிவம். சேராங்கொட்டை மரத்தின் இலை முழங்கை நீளம்கூட வரும், கோடையில் உதிர்ந்துவிடும். கொட்டை கறுப்பாக, இதய வடிவில் இருக்கும்.

அந்தக் கறுப்புச் சாற்றால்தான் அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிக்கு அடையாளக் குறி போட்டார்கள். துவைத்தாலும் போகாது. தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். வீட்டில் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். வட அமெரிக்காவின் கறுப்பு வால்நட்டும் இப்படித்தான், மேல்தோலை உரித்தால் விரல் நாள்கணக்கில் கறுத்துக் கிடக்கும். ஆனால், சேராங்கொட்டை போல அது புண்ணாக்குவதில்லை.

முந்திரியும் சாது இல்லை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையை அரித்துப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்கள் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருவது அதனால்தான். நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பு. கிலோ விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் அந்த விரல்களை ஒருமுறை பார்க்க வேண்டும். பச்சைக் கொட்டை கிடைத்தால் பல்லால் கடிக்காதீர்கள், மூடிய சமையலறையில் சுடாதீர்கள். புகையும் எரிச்சல் தரும். இதே எண்ணெய்தான் பெயின்ட்டுக்கும் வண்டிகளின் பிரேக் கட்டைக்கும் போகிறது.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில் இங்கே தலைமுறை கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலாவும் தப்பவில்லை. மறுபடி நட்டதில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்களும் உண்டு. ஒட்டுக்கன்று என்றால் மூன்றாம் வருஷமே காய்ப்பு தொடங்கும்.

பழம்தான் பாவம். கோவாவில் அதை ஃபெனி ஆக்கிக் காசு பார்க்கிறார்கள். இங்கே பெரும்பாலும் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. உப்பு தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள், தொண்டைக் கரகரப்பு குறையும்.