உங்களுக்குத் தெரியுமா? – பஞ்சு மிட்டாய் முதல் செல் வரை

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கிறதா? மாட்டிக்கொண்டது ரோடமின்-பி என்ற ரோஸ் நிறச் சாயம். தின்னக் கூடாத அந்தச் சாயத்தின் குடும்பம்தான், உயிருள்ள செல்லுக்குள் நடப்பதைப் படம்பிடிக்கும் ஆய்வாளர்களுக்குச் செல்லப்பிள்ளை!

★ பழைய ரோடமின் ஒன்று, 100 ஒளித்துகள்களை விழுங்கினால் 41-ஐத்தான் திருப்பிக் கொடுக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள நைட்ரஜன் குழுக்கள் முறுக்கிக்கொள்வதால் மிச்சம் வீணாகிறது. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் லூக் லேவிஸ் குழுவினர் அந்த நைட்ரஜனை நான்கு அணு கொண்ட குட்டி வளையத்துக்குள் பூட்டினார்கள். 41 என்பது 88 ஆனது. ஆண்டு 2015. நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

★ நிறத்தை மாற்ற? மூலக்கூறின் நடுவில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. இந்தச் சாயம் விழுங்குவது 549 நானோமீட்டர் பச்சை ஒளி. ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் 608. சிலிக்கான் வைத்தால் 646, அதாவது நல்ல சிவப்பு. எதிர்த்திசையில் போக வேண்டுமா? குட்டி வளையங்களில் ஃப்ளோரின் அணுக்களைச் சேர்த்தால் 525. நூறாண்டு காலம் சாயக்காரர்கள் கைப்போக்கில் தேடியதை இன்று கணக்குப் போட்டே செய்கிறார்கள்.

★ சில சிலிக்கான் ரோடமின்கள் சும்மா மிதக்கும்போது பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். தேடிப்போன புரதத்தில் ஒட்டிய பிறகுதான் ஒளிரும். ஒட்டாத சாயத்தைக் கழுவ வேண்டிய வேலை மிச்சம்.

★ சிவப்பின் மேல் ஏன் இவ்வளவு மோகம்? செல்போன் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்கள். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடும். சிவப்புதான் தசையைத் தாண்டி வெளியே வரும்.

★ 1871-ல் அடால்ஃப் ஃபான் பாயர் உருவாக்கிய ஃப்ளோரசீனும் ரோடமினுக்கு நெருங்கிய சொந்தம். ஜெர்மனியில் மண்ணுக்குள் மறையும் டானூப் நீர் எங்கே போகிறது என்று பார்க்க 1877-ல் இதில் 10 கிலோவைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கி.மீ. தள்ளி ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. இன்று கண் மருத்துவமனையில், ஆரஞ்சு நுனிக் காகிதத்தைக் கீழிமைக்குள் தொட்டு எடுத்து நீல விளக்கை அடிக்கிறார்களே, அதுவும் இதே சாயம்தான். கருவிழியில் கீறல் இருந்தால் பச்சைக் கோடாகத் தெரியும். விழித்திரையைப் படமெடுக்கக் கை நரம்பில் ஏற்றினால், ஒரு நாளைக்குச் சிறுநீர் ஆரஞ்சு மஞ்சளாகப் போகும். பதற வேண்டாம்!