தங்கவயலுக்கு வழி: அன்றும் இன்றும்

கோலார் தங்கவயலுக்கு வெளியார் வழி தேடி வந்த கதை 1802-இல் தொடங்குகிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த பின், மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்தார் ஜான் வாரன் என்ற படை அதிகாரி. இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொன்னார். மாரிக்குப்பம் வட்டாரத்து மக்கள் அவர் கண்ணெதிரே மண்ணை அலசித் தங்கத் துகளை எடுத்துக் காட்டினார்கள். அவர் எழுதி வைத்த குறிப்பை ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல். பெங்களூரில் ஓய்வுக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த அவர், 1871-இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு 60 மைல் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தார். பெங்களூரின் லாவெல் ரோடு அவர் பெயரால் ஆனது.

அதே 60 மைலை, அதாவது சுமார் 100 கிலோமீட்டரை, இன்று பைக்கில் வருகிற இளைஞர் காலைச் சாப்பாட்டுக்கு முன் கடந்துவிடுகிறார். போன் வழி சொல்கிறது. ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஓடுகிறது. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் தங்கவயல் பிறந்து, வளர்ந்து, சுரங்கத்தை இழந்து, இன்னும் ஊராக நிற்கிறது. வழி கண்டுபிடிக்கும் முறை மாறியதோடு இந்த ஊரின் வாழ்வும் பின்னிக் கிடக்கிறது.

ஷாஃப்டும் லைனும் வழி சொன்ன காலம்

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1894-இல் பவுரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் சுரங்க லைன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், குடியேறின. சாம்பியன் ரீஃப்ஸ், ஊர்காம், நந்திதுர்க், மைசூர் மைன் என ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் தனித்தனி லைன்கள். முகவரி என்றால் சுரங்கத்தின் பெயரும் லைனின் பெயரும்தான்.

வழி கேட்டாலும் அதே மொழியில்தான் பதில் வரும். “அண்ணே, இந்த லைனுக்கு எப்படிப் போறது?” என்று கேட்டால், “நேரா போ தம்பி, கிஃபோர்ட் ஷாஃப்ட் தாண்டி மேடு ஏறு, அங்க யாரை வேணா கேளு” என்பார்கள். ஷாஃப்ட் என்கிற செங்குத்துச் சுரங்கக் குழிகளுக்கு மேலே உயர்ந்து நின்ற கோபுரங்களும், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய, தொலைவிலிருந்தே தெரிகிற சயனைட் மண் மேடுகளும் திசை காட்டின. ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு ஊருக்கே கடிகாரம்.

தரைக்குக் கீழே வழி அறிவது இன்னும் நுட்பமான வேலை. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் இறங்கியது. எந்த லெவலில் இறங்கினோம், எந்தப் பக்கம் நடந்தோம் என்பது தொழிலாளியின் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். சர்வேயர்கள் ஷாஃப்டுக்குள் தூக்குக்கம்பி இறக்கி, மேலே இருக்கும் திசையைக் கீழே கொண்டுபோய் அளந்தார்கள். வானத்திலிருந்து வரும் கதிர்களில் பெரும்பகுதியைப் பாறையே தடுத்துவிடும் ஆழம் அது. அதனால்தான் 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இங்கே இறங்கி, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். எந்தச் செயற்கைக்கோளும் எட்டிப் பார்க்க முடியாத இருட்டில் நம் பாட்டன்மார் தடம் தவறாமல் போய் வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தரைமேல் மோட்டார் சைக்கிள் வந்தபோது, மைசூரில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் திருவொற்றியூர் புல்லட்டும் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓடின. தேசிய நெடுஞ்சாலை மைல்கல்லின் தலையில் மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டு நிறமே பெரிய துணை. சட்டைப் பையில் வழி எழுதிய துண்டுக் காகிதம் இருக்கும். பாட்டுக்கு டீக்கடையில் நிறுத்த வேண்டும். அங்கே இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். வண்டி நகர்ந்துவிட்டால் எஞ்சின் சத்தம்தான். பாட்டு வேண்டுமானால் அவரே பாடிக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் மூடியது, திசை மாறியது

பின்னாளில் சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் வேலையை நிறுத்தியது. அதுவரை வேலை தேடி ஊருக்குள் வந்தார்கள். அதன் பிறகு வேலை தேடி ஊரைவிட்டு வெளியே போனார்கள். மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்கள் விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களைப் பெங்களூருக்குச் சுமந்து செல்லத் தொடங்கின. ரயில் நேரத்துக்கு ஒத்துவராத வேலையில் இருப்பவர்களுக்கு பைக்கே கதி.

சுரங்கம் மூடுவதற்குப் பத்து மாதம் முன்பு, 2000 மே மாதத் தொடக்கத்தில், உலகின் வேறொரு மூலையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறு காட்டிய கருவிகள், சாலையையே சுட்டிக்காட்டும் அளவுக்குத் துல்லியமாயின. 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்தது. 2013-இல் இஸ்ரோ நம் நாட்டுக்கான வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் முதலாவதை ஏவியது. அந்தத் தொகுதிதான் இன்றைய நாவிக். 2017 டிசம்பரில் இரு சக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டும் வசதியை கூகுள் இந்தியாவில் அறிமுகம் செய்தது.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சிறிய உதவி அல்ல. பெயர் தெரியாத நகரத்தில் முதல் நாளே உணவு டெலிவரி வேலையில் சேர முடிகிறது. நேர்காணலுக்கு நேரத்தில் போய்ச் சேர முடிகிறது. வழி தெரியாதவன் என்று யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. களைத்துத் திரும்பும்போது காதில் ஒரு பாட்டு துணைக்கு வருகிறது.

எதிர்த்திசையிலும் கூட்டம் வருகிறது. 2018-இல் ‘கே.ஜி.எஃப்’ திரைப்படம் வெளியானதும் சயனைட் மேட்டைப் பார்க்கப் பைக்குகள் வரத் தொடங்கின. 2024-இல் ‘தங்கலான்’ படமும் வந்தது. கம்மசந்திராவின் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களும் அப்படியே தங்கவயலைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

போனை நம்பும் அளவு

வருகிறவர்களுக்குச் சிலவற்றை அக்கறையோடு சொல்கிறேன். கிளம்புமுன் வழிகாட்டியில் பைக் குறியைத் தேர்ந்தெடுங்கள். கார் என்று விட்டுவிட்டால், ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை திறந்திருக்கும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு அது இழுத்துப் போகும். அங்கே இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டால் சிக்னல் போனாலும் வழி போகாது.

2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதி, வண்டி ஓட்டும்போது போனை வழி காட்டுவதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த இடம் தருகிறது. ஆகவே போன் ஸ்டாண்டில் இருக்கட்டும், வழி காதில் விழட்டும். பாட்டுப் பட்டியலைப் புறப்படும் முன்பே ஓடவிடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்துங்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காத அளவுக்குச் சத்தம் வைக்காதீர்கள். பெரிய எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுரங்க நிலத்துக்குள் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். திரையில் பாதை போலத் தெரிவது சுரங்க காலத்து வண்டித்தடமாக இருக்கலாம். கைவிடப்பட்ட ஷாஃப்டும், சரிந்த மேடும், அனுமதி இல்லாத வளாகமும் எங்கே என்று தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி அவரைக் கேளுங்கள்.

இனி நாம் எழுத வேண்டிய வரைபடம்

இருநூறு ஆண்டுகளாக இந்த நிலத்தின் வரைபடத்தை வேறு யாரோதான் வரைந்தார்கள். வாரன் எல்லைக்காக வரைந்தார். நிறுவனம் தங்கத்துக்காக வரைந்தது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, கிஃபோர்ட் ஷாஃப்ட் எல்லாமே ஆங்கிலேயர் பெயர்கள். தரைக்குக் கீழே உயிரைப் பணயம் வைத்தவர்கள் தங்கள் லைனுக்கும் சந்துக்கும் மேட்டுக்கும் சூட்டிய பெயர்கள் பேச்சில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் இயங்கியது. 1914-இல் அவர் மறைந்த பிறகு, அவர் நடத்திய ‘தமிழன்’ இதழுக்கு ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் மறுவாழ்வு கொடுத்தார். தமிழ் அறிவுலக வரலாற்றில் இவ்வளவு கனமுள்ள இந்த இடங்களைத் தேடி வருகிறவருக்கு, போன் திரையும் சரியாக வழி காட்ட வேண்டாமா?

கூகுள் மேப்ஸிலும், 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் இடப்பெயரைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் யார் வேண்டுமானாலும் முன்வரலாம். இந்த ஊரின் வரலாற்றில் ஊர்க்காரரே எழுதக்கூடிய முதல் வரைபடம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் பிள்ளைகள், தாத்தாவையோ பெரியப்பாவையோ பைக்கின் பின்னால் உட்கார வைத்து லைன் லைனாகப் போக வேண்டும். அவர் சொல்லும் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் பதிய வேண்டும். மூடிய ஷாஃப்டையும் ஆபத்தான பாதையையும் குறிக்க வேண்டும்.

ஊர்ப்பற்று மட்டும் இதற்குக் காரணமல்ல. நடு இரவில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தேடுவது போனில்தான். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட முதியவர்கள் வாழும் ஊரில், லைனின் பெயர் வரைபடத்தில் இருப்பதும் இல்லாததும் உயிர்ப் பிரச்சினை. நம் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்தாக வேண்டும்.