மருந்து சமைக்கும் ஈ.கோலை

நெஞ்சுச் சளி, தொண்டைப் புண் என்று போனால் மருத்துவர்கள் எழுதித் தரும் அசித்ரோமைசினுக்கு மூலப்பொருள் எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949-இல் அனுப்பிய மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாதான் அதைச் சுரந்தது. 1952-இல் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அதை மருந்தாக விற்கத் தொடங்கியது.

அந்த மண் பாக்டீரியா மெதுவாக வளரும். அதன் மரபணுக்களைத் திருத்துவதும் கடினம். ஆனால் ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல ஊட்டம் கிடைத்தால் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். ஆய்வகத்தில் நன்கு பழகிய உயிரி. எரித்ரோமைசினை அதற்குள் உருவாக்க முடியுமா?

மருந்தின் அடிப்படை ஒரு பெரிய கார்பன் வளையம். மண் பாக்டீரியாவில் மூன்று ராட்சதப் புரதங்கள் அதைக் கட்டுகின்றன. மும்மூன்று கார்பன் கொண்ட ஏழு துண்டுகளை, செங்கல்லைக் கைமாற்றும் ஆட்களைப்போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வளையமாக முடிக்கின்றன. இந்த மூன்றுக்குமான மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்தால் மட்டும் மருந்து வந்துவிடாது. துண்டுகளைப் பிடித்துக்கொள்ள அந்தப் புரதங்களுக்கு ஒரு வேதிக் 'கை' வேண்டும். அதைப் பொருத்தும் நொதி ஈ.கோலையிடம் இல்லை. துண்டுகளுக்கு மூலப்பொருளான புரோப்பியோனேட்டைக் கொடுத்தால், அதையும் அது உணவாக எரித்துவிடும்.

2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிளேன் ஃபைஃபர், சைதன் கோஸ்லா, பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கேன் ஆகியோரின் குழு இரண்டு தடைகளையும் ஒரே வெட்டில் கடந்தது. புரோப்பியோனேட்டை எரிக்கும் மரபணுக்களை நீக்கி, அதே இடத்தில், 'கை' பொருத்தும் நொதியின் மரபணுவைப் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்து நட்டது. ஏழு துண்டுகளில் ஆறு ஈ.கோலையிடம் வழக்கமாக இல்லாத வகை என்பதால், அவற்றைத் தயாரிக்கும் நொதியை ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து கொண்டுவந்தது. பெரிய புரதங்கள் ஒழுங்காக மடிய, செல்களை 22 டிகிரி செல்சியஸில் வளர்த்தது. வளையம் உருவானது.

ஆனால் வெறும் வளையம் கிருமியைக் கொல்லாது. இரண்டு சர்க்கரைகள் ஒட்டினால்தான் அது மருந்தாகும். 2010-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபைஃபரின் குழு ஈ.கோலைக்குள்ளேயே அதையும் செய்து, முழு எரித்ரோமைசினை எடுத்துக்காட்டியது.

மரபணுவை நுழைப்பது பாதி வேலைதான். செல் எதை எரிக்கிறது, எதைச் சேமிக்கிறது, எதை வீணாக்குகிறது என்று அதன் வரவுசெலவைத் திருத்துவதே மறுபாதி. ஆலைகளில் இன்றும் எரித்ரோமைசினைத் தருவது மண் பாக்டீரியாதான். ஆனால் எளிதில் திருத்தக்கூடிய ஈ.கோலையில், வளையத்தையும் சர்க்கரையையும் மாற்றிப் புதுப்புது மூலக்கூறுகளைச் சோதித்துப் பார்க்கலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேரின் உயிரைப் பறித்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுவரும் காலத்தில், உடனடி லாபம் தராத இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தொடர்ந்து பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.