ஒரே கணக்கு, இரண்டு சைபர்

402-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய கணக்கு. ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புக்குள் வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் கொடுப்பது இதைத்தான். விடை 224. நிறையப் பிள்ளைகள் சரியாகப் போட்டுவிடும். மற்றவர்களின் நோட்டில்தான் எனக்கு வேலை.

ஒரு பையன் 376 என்று எழுதியிருப்பான். ஒரு பெண் 234 என்று எழுதியிருப்பாள். பரீட்சைத் தாளில் என்றால் இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி, ஒரே சைபர். ஆனால் 376 எப்படி வந்தது என்று பாருங்கள். ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 8. சின்னதிலிருந்து பெரியது போகாது என்று யாரோ சொன்னது அவன் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் தலைகீழாகக் கழித்து 6 போட்டான். அடுத்து 7, அடுத்து 3. மேலே எது, கீழே எது என்ற கவலையே இல்லை. கடன் வாங்கிக் கழித்தல் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பெண் கடன் வாங்கியிருக்கிறாள். நூறுகள் இடத்தில் 4-ஐ அடித்து 3 ஆக்கினாள். 0-ஐ 10 ஆக்கினாள். 2-ஐ 12 ஆக்கினாள். அந்த 12-க்கு ஒரு பத்தைக் கொடுத்த பிறகு பத்துகள் இடத்தில் மீதி 9தான் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவளுக்கு ஒரு படிதான் பாக்கி. அவனுக்கோ இடமதிப்பிலிருந்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டிலிருந்து தொடங்கியாக வேண்டும். சைபர் என்ற மதிப்பெண் இந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறது.

மதுரை கோச்சடையில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது முத்தையா கோயிலைத் தாண்டினால் வயலும் வைகைக் கரையும்தான். இப்போது மேலக்கால் ரோட்டில் இரண்டு பக்கமும் பிளாட், பிளாட்டுக்குள் மாடி வீடு. அந்த வீடுகளைக் கட்டுகிறவர்கள், அங்கே பாத்திரம் கழுவப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். பெற்றோர் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எம்புட்டு மார்க்கு டீச்சர்?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. அவர்களுக்கு நாங்கள் கொடுத்த ஒரே தகவல் அதுதான். 'முப்பத்தெட்டு' என்று சொன்னதும் முகம் சுண்டிப்போகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை அந்த முகத்தைப் பார்க்கிறது. முப்பத்தெட்டில் எது வந்தது, எது வரவில்லை, வராததற்கு நாளை என்ன செய்யலாம் என்று யாருமே பேசவில்லை. இப்படி நாலு பருவம் போனால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது: "எனக்குக் கணக்கு வராது." அதற்கப்புறம் அது முயற்சியை நிறுத்திவிடும். முயன்று தோற்றால் மக்கு, முயலாமல் தோற்றால் சோம்பேறி. பிள்ளைகளைக் கேட்டால் சோம்பேறி என்ற பெயரே மேல் என்பார்கள். கடைசி பெஞ்சின் அலட்சியத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான் என்பது என் அனுபவம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் எழுதிய கட்டுரையில் இந்த மனநிலையைப் புரிந்துகொள்ள அடித்தளம் போட்டார். ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருப்பவன்தான் அதில் இறங்குவான், தடை வந்தாலும் நிற்பான். அந்த நம்பிக்கைக்கு மிகப்பெரிய ஊற்று, முன்பு செய்து ஜெயித்த அனுபவம். 'உன்னால முடியும்டா' என்று தோளைத் தட்டுவது நல்லதுதான். ஆனால் போன வாரம் வராத ஒரு கணக்கு இந்த வாரம் தன் கையாலேயே வந்தது என்பதற்கு அது ஈடாகாது.

அந்த அனுபவம் கிடைப்பதில் மதிப்பீட்டுக்கும் பங்கு உண்டு. பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கற்பித்தலைத் திருத்திக்கொள்வது ஒரு வகை. எல்லாம் முடிந்தபின் எவ்வளவு தேறியது என்று அளப்பது இன்னொரு வகை. மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அவை வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, பேச்சில் எஃப்.ஏ., எஸ்.ஏ. 1998-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் ஏறத்தாழ 250 ஆய்வுகளைப் படித்து வெளியிட்ட முடிவு, வளரறி மதிப்பீட்டை உருப்படியாகச் செய்தால் கற்றல் கூடுகிறது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இன்னும் அதிகம் என்பது.

அதற்கும் முன்பே, 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஓர் ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த வேலையைத் திருத்தி மூன்று விதமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். ஒரு பிரிவுக்கு, எது சரி, எதைச் சீர்செய்யலாம் என்ற குறிப்பு மட்டும். மூன்றாம் பிரிவுக்கு மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து. குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் முன்னேறினார்கள்; ஆர்வமும் நிலைத்தது. மதிப்பெண் வாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை; குறைவாக வாங்கிய பிள்ளைகளின் ஆர்வம் விழுந்தது. இரண்டும் சேர்த்து வாங்கியவர்கள்? மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலத்தான். எண் கண்ணில் பட்டதும் குறிப்பின் பலன் காணாமல் போகிறது.

வகுப்பில் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை ஒரு நாள் நின்று பார்த்தால் இது புரியும். நோட்டு கைக்கு வந்ததும் கண் மதிப்பெண்ணுக்குப் போகும். அடுத்து பக்கத்து நோட்டுக்குப் போகும். "நீ எம்புட்டுடா?" அதோடு நோட்டு மூடப்பட்டுவிடும். ஆசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிய சிவப்பு மை வரிகளுக்கு வாசகரே இல்லை.

நம் மாநிலத்தில் இதை மாற்றத்தான் 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் போயின. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கேட்டதும் இதைத்தான்: பிள்ளையைப் பயமுறுத்தாத, தொடர்ச்சியான மதிப்பீடு. பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. தாளில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. மூன்று பருவமாகப் பிரித்ததில் புத்தகப் பையின் கனமும் குறைந்தது.

நடைமுறையில் அந்த நாற்பதும் மதிப்பெண்ணாகவே போய்விட்டது. செயல்பாடு என்றால் சார்ட் ஒட்டுவது, மாதிரி செய்வது. பல வீடுகளில் அதை அம்மாவோ ஸ்டேஷனரி கடைக்காரரோ செய்து கொடுத்தார்கள். படிவத்தை நிரப்பியாக வேண்டும், எமிஸ் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலைக்கும் ஓட வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. வளரறி மதிப்பீட்டுக்கு நேரம்தான் மூலப்பொருள். அந்த நேரத்தைக் கொடுக்காமல், அதை நடத்தியதற்கான சாட்சியத்தை மட்டும் கேட்டோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு, ஏனென்றால் கையில் இருந்த கருவி சரியான கருவி.

ஒரு பெற்றோர் கூட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போடாததால்தான் பிள்ளைகள் படிப்பதில்லை என்ற பேச்சு வந்தது. இந்தப் பேச்சு எல்லாக் கூட்டத்திலும் வரும். ஒரு கொத்தனார் அதைத்தான் அழுத்திச் சொன்னார். "அண்ணே, செவத்துல தூக்குக்குண்டு எப்ப விடுவீங்க?" என்று கேட்டேன். வரிக்கு வரி விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு அவரே சொன்னார்: "செவரு எந்திரிச்சப்பறம் குண்டு விட்டு என்ன பண்றது? இடிக்கத்தேன் செய்யணும்." கூட்டம் சிரித்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வு வைப்பது பற்றி நான் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பொதுத்தேர்வு நம் வாசல் வரை வந்துவிட்டுப் போனது பலருக்கு நினைவிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வந்தது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்கலாம் என்று மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாடு அந்தக் கல்வியாண்டே நடத்துவதாக அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசு அதைக் கைவிட்டது. இடைப்பட்ட அந்த மாதங்களில் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை, மாதிரி வினாத்தாள்தான் நடந்தது. வகுத்தல் புரியாத பிள்ளை வகுத்தல் விடையை மனப்பாடம் செய்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு எட்டு வரை தேர்ச்சி என்பதிலேயே நின்றது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் போனது. 2017 மே மாதத்திலிருந்து பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதும் இல்லை. எல்லாமே நல்ல முடிவுகள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பயத்தை எடுத்தால் மட்டும் ஆர்வம் வந்துவிடாது. ஃபெயில் இல்லை என்ற இடத்தில் 'உனக்கு அடுத்து இதுதான்' என்ற பேச்சு வந்து உட்கார வேண்டும். அந்த வகையில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் சரியான பக்கம் கால் வைத்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் படியைப் பார்த்துப் பிரித்து, அந்தப் படிக்கான வேலையைக் கொடுக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபின் வந்த பிள்ளைகளுக்கு இது தேவைப்பட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும். பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வருஷம் முழுக்க ஒரே பிரிவில் கிடந்தால் அரும்பு என்பதும் கடைசி ரேங்க் என்பதும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். சிறு தேர்வுத் தாளை முதல் நாள் மதிப்பெண் போடாமல் கொடுப்பேன். தப்பான கணக்கில் ஒன்றே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும். 234 போட்டவளுக்கு, 'பத்துகள் இடத்தில் இப்போது 10 இருக்கிறதா, 9 இருக்கிறதா?' 376 போட்டவனுக்கு, '2 குச்சியிலிருந்து 8 குச்சியை எடுக்க முடியுமா? குச்சி டப்பாவை எடுத்து வா.' ஆரம்பத்தில் "டீச்சர், மார்க் போட மறந்துட்டீங்க" என்று வரிசையில் நிற்பார்கள். பதில் எழுதிக் கொண்டுவந்தால் நாளைக்குப் போடுவேன் என்பேன். மார்க்குக்காகத்தான் உட்காருவார்கள். உட்கார்ந்தபின் அது கணக்குக்காக ஆகிவிடும். அந்தப் பெண் கேள்வியைப் படித்துவிட்டு, 10-ஐ அடித்து 9 போட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே "அய்யோ" என்று தலையில் தட்டிக்கொண்டாள். அந்த 'அய்யோ'வுக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு வகுப்பில் எல்லா நோட்டுக்கும் ஒரே நாளில் இப்படி எழுத முடியாது. வரிசை வைத்துக்கொண்டு சில நோட்டுகளாக எடுத்தால் முடியும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நீ புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் தளர்ந்தார்கள். வேறு பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். நன்றாக உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதையே கேட்டு வாங்கினார்கள். 'என் மகன் மூளைக்காரன்' என்று உறவுக்காரர்கள் முன் சொல்வது பாசத்தில்தான். அந்தப் பெயரைக் காப்பாற்றும் பாரம் அவன் தலையில் ஏறுகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். படிவங்களில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த நேரத்தை நோட்டுத் திருத்துவதற்குக் கொடுங்கள். பெற்றோருக்கு ஒன்று. அடுத்த முறை திருத்திய தாள் வீட்டுக்கு வந்து கையெழுத்து கேட்கும்போது மேலே இருக்கும் எண்ணைச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். தப்பான ஒரு கணக்கைக் காட்டி, "இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளை சொல்லச் சொல்ல எங்கே தட்டுகிறது என்று அதற்கே தெரியும். தெரியாவிட்டால் அந்தக் கணக்கை மட்டும் வட்டம் போட்டு அனுப்புங்கள். மறுநாள் அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.